லிட்டருக்கு எவ்வளவு, நிற்க எவ்வளவு

என் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு நோட்டு இருக்கிறது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று மூன்றையும் எழுதிவிடுவேன். காரே திரையில் மைலேஜைக் காட்டுகிறதே, இது எதற்கு என்று வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். திரை கொஞ்சம் தாராள மனசோடு சொல்லும். நோட்டு அப்படிச் சொல்லாது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வாங்கிய பலருக்கும் இந்த வியாதி உண்டு. எனக்குக் கொஞ்சம் முற்றிய நிலை.

அந்த நோட்டினால்தான் குளிர்கால டயர் வாங்குவதை முழுதாக ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். வண்டியோடு வந்தவை ஆல் சீசன் டயர்கள். பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கும்போது குளிருக்குத் தனியாக ஒரு செட் எதற்கு என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. குளிர்கால டயர் மெத்தென்று இருக்கும், பட்டன் ஆழமாக இருக்கும், வண்டியைப் பிடித்து இழுக்கும், மைலேஜ் போய்விடும் என்று யாரோ சொன்னது காதில் ஒட்டிக்கொண்டது. லிட்டருக்கு 22 கொடுக்கிற வண்டியை நானே கெடுப்பேனா?

சொன்னதில் பொய் இல்லை. டயர் உருளும்போது தரையைத் தொடும் பகுதி சப்பையாகிறது. மேலே போனதும் பழைய வடிவத்துக்கு வருகிறது. சப்பையாக்கச் செலவான சக்தி முழுவதும் திரும்பி வருவதில்லை. மிச்சம் சூடாகப் போய்விடும். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி டயரில் கை வைத்துப் பாருங்கள், இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூடு நீங்கள் போட்ட பெட்ரோல்தான். 1992இல் மிஷ்லின் நிறுவனம் ரப்பரில் கார்பன் கரி இருந்த இடத்தில் சிலிக்காவைச் சேர்த்து ஒரு டயரைக் கொண்டுவந்தது. ஈரத்தில் பிடிப்பு போகாமலே இந்தச் சூட்டைக் குறைக்கலாம் என்று அது காட்டியது. ஹைபிரிட் செய்கிறவர்கள் தேடிப் பொருத்துவது இந்த வம்சத்து டயர்களைத்தான். விளம்பரத் தாளில் அச்சடித்த மைலேஜில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் போக, டயருக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

எவ்வளவு சின்னது என்பதைத்தான் நான் கேட்காமல் விட்டேன். அமெரிக்க தேசிய அகாதமிகள் 2006இல் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டன. உருளும் தடை, அதாவது டயர் இப்படிச் சப்பையாகி உருள்வதால் வண்டியைப் பின்னால் இழுக்கும் இழுப்பு, 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்பது அதில் வரும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். புது டயர் பழையதைவிட 20 சதவீதம் அதிகமாக இழுத்தாலும் போவது 2 முதல் 4 சதவீதம். 22 என்பது 21 சொச்சம் ஆகும். இதற்காகவா ஒரு வருடம்?

இன்னொரு வேடிக்கை, பதில் என் நோட்டிலேயே இருந்தது. கோடைப் பக்கங்களில் 22, 21, 22 என்று வரும் எண்கள், குளிர்காலப் பக்கங்களில் 17, 16, 16 என்று சரிந்திருந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டியில் இருந்தது அதே ஆல் சீசன் டயர்தான். எந்த மைலேஜைக் காப்பாற்ற நினைத்தேனோ அது டயரை மாற்றாமலே போயிருந்தது.

கொண்டுபோனது குளிர். அமெரிக்க எரிசக்தித் துறை மக்களுக்குச் சொல்லும் கணக்குப்படி, 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில், ஊருக்குள் ஓட்டும்போது, சாதாரண பெட்ரோல் காருக்குச் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் வரை குறையும். ஹைபிரிட்டுக்கு அடி பலமாக விழக் காரணம், அது சம்பாதிக்கும் வழியே எஞ்சினை அணைத்து வைப்பதில்தான் இருக்கிறது. குளிரில் உள்ளே சூடு வேண்டும் என்றதும் எஞ்சின் எழுந்துவிடும். சிக்னலில் நிற்கும்போதும் ஓடும். பேட்டரியும் விறைத்துப்போய் கொடுக்கவும் தயங்கும், வாங்கவும் தயங்கும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும் குறும்பயணம் என்றால் எஞ்சின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடும்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தது பிற்பாடு. படிக்க வைத்தது ஒரு சரிவு.

விடிந்தும் விடியாத நேரம். லேசான இறக்கம், கீழே ஒரு நாற்சந்தி. இரவு உருகிய பனி திரும்ப இறுகி, சாலை வெறும் ஈரம் போலத்தான் தெரிந்தது. 20 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. எப்போதும் போல மெதுவாகப் பிரேக்கில் கால் வைத்தேன். ஹைபிரிட்டில் அந்த முதல் அழுத்தம் பிரேக் கட்டையைத் தொடாது. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தைக் கரண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பும். திரையில் ஒரு பச்சைப் பட்டை நிரம்பும். அது நிரம்புவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அன்றைக்குப் பட்டை பாதி நிரம்பியது, சட்டென்று காலியானது. பிரேக் பிடியை விட்டுவிட்டு வண்டி தானாக முன்னால் தாவியது போல ஒரு அரை நொடி. பிறகு பாதத்துக்கு அடியில் கடகடவென்று ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு. கோட்டைத் தாண்டி ஒரு வண்டி நீளம் போய்த்தான் நின்றேன். குறுக்கே யாரும் வரவில்லை. பின்னால் சாலையில் இரண்டு மெல்லிய கோடுகள், நான் அழுத்தமாக மிதித்த இடத்திலிருந்து நின்ற இடம் வரைக்கும் விட்டு விட்டு.

வண்டி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கெடவில்லை. என் வண்டி முன்சக்கர டிரைவ். மோட்டார் பிடிக்கும் பிரேக் முன்சக்கரங்களில் மட்டும்தான் விழும். அந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் மோட்டார் பிரேக்கைக் கைவிட்டு, நாலு சக்கரத்துக்கும் உள்ள எண்ணெய் பிரேக்கிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் அந்த இடைவெளிதான் தாவல் போலத் தெரிவது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து ஏபிஎஸ் மென்பொருளை மாற்றிக் கொடுத்தது இந்த உணர்வு தொடர்பாகத்தான். அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் இந்த மாற்றம் நன்றாகவே மிருதுவாகிவிட்டது. ஆனாலும் மென்பொருள் செய்யக்கூடியது டயர் கொடுக்கும் பிடிப்பைப் பங்கு போடுவது மட்டும்தான். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அன்று மாலை பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, போனில் பேசும்போது இதைச் சொன்னேன். பனியில் 20 வருடமாக வண்டி ஓட்டுகிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஒரு லிட்டருக்கு எவ்ளோ தூரம் ஓடும்னு நோட்டுப் போட்டு எழுதுற. மிதிச்சா எவ்ளோ தூரத்துல நிக்கும்னு எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்கியா?" என்றார்.

"இல்லண்ணே."

"அதையும் ஒருநா போட்டுப் பாரு. பெருக்கல் வகுத்தல்தான்."

போட்டேன். பள்ளிக்கூடப் பாடம்தான்: வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி இரட்டிப்பாக்கியதால் வகுக்க வேண்டும். காய்ந்த தாரில் உராய்வு சுமார் 0.8, அமுங்கிய பனியில் 0.2 அளவு, பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நிற்கும். அமுங்கிய பனியில் 50 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பனிக்கட்டியில் 100 மீட்டருக்கு அருகில். கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். முன்பக்கங்களில் லிட்டருக்கு அரை கிலோமீட்டருக்காக நான் போட்ட சுழிகளையும் வட்டங்களையும் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

இந்த 0.2, 0.1 எல்லாம் கல்வெட்டு இல்லை; டயரைப் பொறுத்து நகரும். எப்படி நகர்கிறது என்பதில்தான் குளிர்கால டயரின் சூட்சுமம் இருக்கிறது. ரப்பர் குளிரில் விறைக்கும். ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த ரப்பர் செருப்பைக் காலையில் மாட்டியவர்களுக்குத் தெரியும், பலகையில் கால் வைத்தது போல இருக்கும். விறைத்த ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களுக்குள் இறங்காது, மேலோடு நழுவும். கோடை டயரின் பிடிப்பு சுமார் 7 டிகிரிக்குக் கீழே தளர ஆரம்பிக்கும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் எல்லைக்கோடு. 7 டிகிரியில் பூட்டு விழுவதில்லை. அது ஒரு சரிவின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல் சீசன் ரப்பர் இன்னும் கொஞ்சம் கீழே வரை தாங்கும். குளிர்கால ரப்பர் மைனஸ் 20இலும் நெகிழ்ந்துகொடுக்கும்படி கலக்கப்பட்டது.

அடுத்தது கீறல்கள். குளிர்கால டயரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல அலை அலையாக நூல் கனத்தில் வெட்டுகள் தெரியும். விரலால் அழுத்தினால் வாய் திறக்கும். இவற்றுக்கு சைப் என்று பெயர். ஜான் சைப் என்பவர் பெயரில் 1923இல் கிடைத்த காப்புரிமையிலிருந்து வந்தது; அது டயருக்காக வாங்கியது. இறைச்சிக் கூடத்தின் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்க அவர் தன் ஷூவின் அடியைக் கீறிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பனிக்கட்டியின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைக் கீறல்கள் உறிஞ்சி விலக்கும். அவற்றின் விளிம்புகள் நகம் போலக் கவ்வும். அந்த நீர்ப்படலம்தான் எதிரி. அதனால் கடுங்குளிரைவிட 0 டிகிரியை ஒட்டிய பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். என் சரிவு அப்படிப்பட்ட காலையில்தான் இருந்தது. அகலப் பள்ளங்களின் வேலை வேறு. அவை பனியை வாரித் தமக்குள் இறுக்கிக்கொள்ளும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும், உருட்டி உருண்டை செய்தால் ஒட்டிக்கொள்கிறதே, அதுபோல.

இனி பெயர்க் குழப்பம். நான் ஏமாந்தது இங்கேதான். என் பழைய டயரின் பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் என்று இருந்தது. சேறு, பனி இரண்டுக்கும் ஆகும் என்று பொருள். பனி என்று எழுதியிருக்கிறது, போதும் என்று இருந்துவிட்டேன். அந்த முத்திரைக்கு எந்தச் சாலைச் சோதனையும் கிடையாது. பள்ளங்களின் வடிவமும் பரப்பும் ஒரு அளவுக்கு இருந்தால் உற்பத்தியாளரே போட்டுக்கொள்ளலாம். 1977இல் குட்இயர் டியெம்போ வந்து ஆல் சீசன் என்ற பெயரைப் பரப்பியதிலிருந்து, வட அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பகுதி இந்த ரகம்.

பார்க்க வேண்டிய முத்திரை வேறு: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வட அமெரிக்காவில் தொடங்கியது. அமுங்கிய பனியில், தரப்படுத்திய ஒரு மாதிரி டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிகமாகப் பிடிக்கிறது என்று சோதித்தால்தான் அதைப் போடலாம். எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராக ஜெர்மனி இப்போது ஏற்பதில்லை. அதற்குக் கொடுத்த கடைசிக் கெடுவும் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஆனால் இந்த மலைப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. வட அமெரிக்க முறையில் சோதிப்பது பனியில் முன்னோக்கி இழுக்கும் பிடிப்பை மட்டும். பனிக்கட்டி அந்தச் சோதனையில் வராது. 2021 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய டயர் லேபிளில் பனிக்கட்டிப் பிடிப்புக்கென்று தனி முத்திரை வந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அது வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டியது.

மலை முத்திரை வாங்கிய ஆல் சீசனும் இருக்கிறது. சில இடங்களில் அதை ஆல் வெதர் என்கிறார்கள். வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கலாம், பனியிலும் சட்டப்படி செல்லும். குளிர்கால டயரா ஆல் சீசனா என்று கேட்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் வேண்டியது இந்த மூன்றாவது ஆள்தான் என்பது என் எண்ணம். பனி வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் விழும், சாலையை உடனே வாரிவிடுவார்கள், மற்ற நாட்களில் 5 டிகிரி, 10 டிகிரி என்று ஈரத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் என்றால் அதுவே போதும். நல்ல குளிர்கால டயரை 15 டிகிரியில் ஓட்டினால் பிரேக்கில் தளதளக்கும், பட்டன் கரைந்துபோகும். குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில் பழைய ஆல் சீசனையே தேய்த்து முடிக்கலாம். என் நிலைமை இரண்டும் இல்லை. மாதக்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே, காலையில் இறக்கம், உருகி இறுகும் சாலை. முழுக் குளிர்கால டயர் வாங்கினேன், அதுவும் தனி ரிம்மோடு. வருடத்துக்கு இரண்டு முறை ரிம்மிலிருந்து டயரை உரித்து மாட்டினால் டயரின் விளிம்பு கெடும்.

"நாலு சக்கர டிரைவ் ஹைபிரிட் எடுத்திருந்தா இதெல்லாம் வேண்டாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். கிளம்பும்போது நாலு சக்கரமும் உதவும். நிற்கும்போது எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிரேக்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதுமா என்ற ஆசை எனக்கும் வந்தது. முன்சக்கரம் கவ்வி, பின்சக்கரம் வழுக்கினால் வளைவில் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். நாலும் ஒரே டயர்தான். இரண்டாவது, பாரக் குறியீடு, அதாவது டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் எண். பேட்டரி சுமக்கும் வண்டி அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடக் கனம். அளவு பொருந்துகிறது என்று குறைந்த குறியீட்டில் வாங்கிவிடக் கூடாது. கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் வாங்கினேன். ரிம்மை ஒரு இஞ்ச் சின்னதாக்கி, டயரின் வெளிச்சுற்று மாறாமல் அகலத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஒடுங்கிய டயர் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கும். போகிற மைலேஜில் ஒரு துளியும் திரும்பக் கிடைக்கும், பழைய புத்தி போகுமா?

மாட்டிய நாளன்று ஒரு கூத்து. டயர் கடையில் வண்டியை உள்ளே விட்டுவிட்டு இறங்கினேன். சத்தமே இல்லை, அதனால் அணைந்திருக்கிறது என்று நானும் நினைத்தேன், கடைப் பையனும் நினைத்தான். ஜாக்கி ஏறியது, முன்சக்கரம் ஒன்று கழன்றது, நட்டுகள் தட்டில் இருந்தன. திடீரென்று எஞ்சின் தானாக உறுமிக் கிளம்பியது. பையன் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடியே போனான். வண்டி 'ரெடி' நிலையில் இருந்திருக்கிறது. பேட்டரி இறங்கியதும் சார்ஜ் ஏற்ற எஞ்சின் எழுந்துவிட்டது. தப்பு என்னுடையது. இப்போதெல்லாம் திரையில் அந்த விளக்கு அணைந்ததைப் பார்த்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்பேன். அன்றைக்கே தெரிந்த இன்னொன்று, என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு பசைப் புட்டியும் சின்னப் பம்பும் மட்டும்.

காற்றை மட்டும் மாதம் ஒருமுறை நானே பார்க்கிறேன். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். வெயில் நாளில் சரியாக அடித்த காற்று, 25 டிகிரி இறங்கிய காலையில் நாலைந்து குறைந்திருக்கும். குளிர்கால டயர் இழுக்கிறது என்று புலம்புபவர்களில் சிலர் காற்றில்லாத டயரை ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மாட்டிய பிறகு வந்த குளிர்காலம் முழுக்க நோட்டில் எழுதினேன். 15, 16, 15. முந்தின வருடம் 17, 16, 16. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே இறக்கத்தில் அதே போன்ற காலைகளில் எத்தனையோ முறை இறங்கிவிட்டேன். பச்சைப் பட்டை நாற்சந்தி வரை நிரம்பிக்கொண்டே போகிறது. பாதியில் காலியாவது எப்போதாவதுதான்.

போன வாரம் அண்ணன் வந்து வண்டியில் உட்கார்ந்தார். டேஷ்போர்டைத் திறந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். மைலேஜுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருப்பதைப் பார்த்து, "இது என்னம்மா 8.5, 7.9, 7.2ன்னு?" என்றார்.

"பட்டன் ஆழம்ண்ணே, மில்லிமீட்டர்ல. 4க்கு வந்தா மாத்திடுவேன்."

"சட்டத்துல 1.6 தானே?"

"ஆஸ்திரியால குளிர்கால டயருக்கு 4 தாண்ணே சட்டம். அவங்க மலையிலயே இருக்கறவங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போய், 12, 50, 100 என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே, தன் வண்டியின் டயர் எந்த வருடத்தது என்று எழுதிக்கொண்டார். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 4114. எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்த டயர் கடை நாளைக்குத் தொறந்திருக்குமாம்மா?" என்றார்.